டேலுக்காக நாங்கள் காத்த துடக்கு

அந்தச் சனிக்கிழமை காலை, எங்கள் வீட்டில் தங்கியிருந்த டேல் குசினிக்குள் வந்தபோது அம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தார்.

"குட் மோர்னிங்" என்றார் டேல். அம்மா நிமிர்ந்து பார்த்தார். டேலின் தாடையில் சில நாள் தாடி, செம்மஞ்சள் நிறத்தில், தேங்காய்த் தும்பு ஒட்டினாற்போல் நின்றது. அம்மா கத்தியைக் கீழே வைத்தார். வெட்டிய மீனையும் வெட்டாத மீனையும் ஒரே பைக்குள் போட்டு பிரிட்ஜின் அடித்தட்டில் தள்ளினார். சட்டியைக் கழுவிக் கவிழ்த்தார். பருப்பை அடுப்பில் ஏற்றினார்.

டேல் தேத்தண்ணீரோடு மாடிக்குப் போன பிறகு கேட்டேன்.

"என்னம்மா, மீன் எங்கை?"

"சத்தம் போடாதை. அந்தப் பிள்ளையின்ர முகத்தைப் பாத்தியோ? ஆரோ செத்துப் போச்சினம்."

வீட்டில் ஒரு சாவு நடந்தால் எங்கள் ஆட்களில் ஆண்கள் முகம் வழிக்க மாட்டார்கள். அடுப்பில் மீனோ இறைச்சியோ ஏறாது. முப்பத்தோராம் நாள் கிரியை முடியும்வரை அப்படித்தான். அந்த நாட்களைத் துடக்கு என்போம். டேலோ ஒருநாளும் முகம் வழிக்காமல் கீழே இறங்காதவர். அதோடு, அந்தப் புதன்கிழமை அவருக்குக் கனடாவிலிருந்து தொலைபேசி வந்தது. பேசி முடித்துவிட்டுத் தலையைக் கையில் பிடித்தபடி படிக்கட்டில் வெகுநேரம் இருந்தார். அம்மாவுக்கு அது போதும்.

"கேட்டுப் பாப்பமே?" என்றேன்.

"துடக்குக்காரனிட்டைப் போய் ஆர் செத்தது எண்டு கேக்கிறதே? இதுக்கோ உன்னைப் படிக்க விட்டது? அவராச் சொல்லட்டும்."

பெட்டி அறைக்கு வந்தவர்

இந்தத் தொடரை முதலிலிருந்து வாசிப்பவர்களுக்கு எங்கள் கோலியர்ஸ் வுட் வீடு தெரியும். மாடியில் ஒரு கட்டிலும் ஒரு மனிதனும் ஒரே நேரத்தில் நிற்க முடியாத சின்ன அறை ஒன்று இருந்ததே, அதற்குத்தான் டேல் வந்தார்.

பஸ்ஸில் போகும் தூரத்தில் ஒரு பனித்தரை அரங்கு இருந்தது. அங்கே ஒரு ஐஸ் ஹொக்கி அணி. சிறிய அணிதான், ஆனால் சம்பளத்துக்கு ஆடுகிற அணி. கனடாவிலிருந்து எடுக்கிற ஆட்டக்காரர்களை அவர்கள் அக்கம்பக்கத்துக் குடும்பங்களோடு தங்க வைப்பார்கள். அம்மாவோடு ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் வேலை செய்த ஒரு வெள்ளைக்கார அம்மா அந்த அணியின் தீவிர ரசிகை. அவர்தான் கேட்டார்.

அப்பா ஆளை ஒருமுறை பார்த்தார். வாசல் நிலையில் தலை முட்டாமல் இருக்க டேல் குனிந்தார்.

"நல்லது. இனி வீட்டுக்குக் கள்ளர் வராங்கள்" என்றார் அப்பா.

டேலின் பின்னால் அவரை விடப் பெரிய ஒரு பை வந்தது. ஈரத் தோலும் பழைய வியர்வையுமாக ஒரு மணம் நடையை நிறைத்தது. அம்மா சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு தோட்டத்துக் கொட்டிலைக் காட்டினார். "தம்பி, நீங்கள் உள்ளை வாங்கோ. அது வரக்கூடாது."

நான்தான் மொழிபெயர்த்தேன். அந்த வீட்டில் எல்லாவற்றுக்கும் நான்தான். அம்மா பள்ளிக்கூட வாசலையே மிதிக்காதவர். அப்பா இரண்டாம் வகுப்போடு நின்றவர். இங்கே ஒரு உணவகத்தில் கோப்பை கழுவினார். டொக்டரிடமும் கவுன்சிலிலும் வங்கியிலும் எங்கள் குடும்பம் என் வாயால்தான் பேசியது. எங்கள் இரண்டு பக்கத்திலும் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். இன்றைக்கு ஒரு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறேன். அதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயரும். உயரட்டும்.

கோல் அடிக்காத மனிதர்

முதல் ஆட்டத்துக்கு டேல்தான் எங்களை அழைத்துப் போனார். உள்ளே குளிர் பற்களில் ஏறியது. பொரித்த உருளைக்கிழங்கு மணமும் வினாகிரி மணமும். கறுப்பு றப்பர் வட்டு சுற்றுச்சுவரில் மோதும் ஒவ்வொரு முறையும் அம்மா என் கையைப் பிடித்தார்.

அப்பா மூன்று ஆட்டம் பொறுமையாகப் பார்த்தார். பிறகு கேட்டார்: "இவன் ஏன் ஒரு கோலும் அடிக்கிறான் இல்லை? கடல் கடந்து கூட்டி வந்தது இதுக்கே?"

டேல் பின்வரிசை ஆட்டக்காரர். எதிரணி முன்னேறி வரும்போது நம்முடைய கோலுக்கும் அவர்களுக்கும் நடுவில் நிற்பது அவர் வேலை. மற்றவர்கள் காற்றாய்ப் பறப்பார்கள். டேல் பின்பக்கமாகச் சறுக்குவார், கதவை மெதுவாகச் சாத்துகிற மாதிரி. வேகமாக வருகிறவன் அவரை எட்டும்போது போக வழி இல்லாமல் சுவரோரம் நின்றுவிடுவான். அடி விழப்போகிறது என்றால் டேல் பனியில் விழுந்து தன் உடம்பைக் குறுக்கே போடுவார். வட்டு அவர் தொடையிலோ விலாவிலோ பட்டுத் திரும்பும். கூட்டம் கைதட்டுவதற்குள் ஆட்டம் மற்றப் பக்கம் போய்விடும்.

எனக்கு அது ஒரு ஞாயிற்றுக்கிழமை சட்டென்று பிடிபட்டது. அன்றைக்கு வட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டு எங்கள் கோல்காப்பாளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டேல் பனியில் இருக்கிறபோதெல்லாம் அந்தப் பெடியன் சும்மா நின்றான். டேல் பெஞ்சுக்குப் போனதும் பாவம், தவித்தான். அதற்குப் பிறகு நான் கோல்களைப் பார்க்கவில்லை, டேலைத்தான் பார்த்தேன்.

உடுப்பு மாற்றிக் காத்திருந்த நாள்

ஒன்ராறியோவின் வடக்கில், மர ஆலை ஒன்றைச் சுற்றி வளர்ந்த ஊர் அவருடையது. அப்பா, மாமன், மச்சான் எல்லாரும் ஆலையில். டேல் பதினெட்டு வயதில் பஸ் ஏறினார். அதற்குப் பிறகு வாழ்க்கை பஸ்ஸில்தான். அமெரிக்காவின் சின்னச் சின்ன நகரங்கள், சின்னச் சின்ன லீக்குகள், ஒவ்வொரு வருடமும் புது அணி, புது வாடகை அறை. மூக்கு இரண்டு தரம் உடைந்தது. முன்பல் பொய்ப்பல். சாப்பிடும்போது அதைக் கழற்றி ஒரு துண்டுக் கடதாசியில் மரியாதையாகச் சுற்றி வைப்பார்.

ஒருமுறை பெரிய லீக் அணி ஒன்று அவரை அவசரமாகக் கூப்பிட்டது. விமானத்தில் போய், உடுப்பு மாற்றி, பெஞ்சில் இருந்தார். ஆட்டம் முடிந்தது. அவரை இறக்கவில்லை. அடுத்த நாள் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"கவலையாக இல்லையா?" என்று கேட்டேன்.

யோசித்தார். "சாண்ட்விச் நன்றாக இருந்தது" என்றார்.

இதை அப்பாவுக்குச் சொன்னபோது அப்பா சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு கோல் கணக்கும் கேட்கவில்லை. தான் வேலை செய்யும் உணவகத்திலிருந்து எதாவது நல்லதாக மிஞ்சினால் அதை டேலின் தட்டில் முதலில் வைத்தார்.

மனேஜர் சொன்னது

புதுவருடம் பிறந்த கிழமை டேல் மேசையில் இருந்து ஒரு விஷயம் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னேன்.

ஒரு அணியில் வெளிநாட்டு ஆட்டக்காரருக்கு மூன்று இடந்தான். அந்த மூன்று பேரும் கோல் அடிப்பவர்களாக இருக்க வேண்டும் என்பது மனேஜரின் எண்ணம். டேலுக்கு வயது முப்பத்துநான்கு. மனேஜர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்: இந்த வருடக் கடைசிச் சுற்றில் வென்று மேல் லீக்குக்குப் போனால் நீ தேவை, வைத்திருப்பேன். தோற்றால் போகலாம். வென்றாலும், உடைந்த எலும்போடு நிற்கிற கிழவனை நான் வைத்திருக்க மாட்டேன்.

"இல்லையெண்டால் என்ன செய்வார்?" என்று அம்மா கேட்டார்.

"மர ஆலை."

"அதுவும் வேலைதானே."

இதைச் சொன்னபோது டேல் தலையசைத்தார். "ஓம்" என்றார். எங்களிடம் அவர் கற்றுக்கொண்ட ஒரே சொல் அதுதான். பிறகு ஆங்கிலத்தில், மெதுவாக, "ஆனால் எனக்கு இன்னும் ஒரு வருடம் ஆட விருப்பம்" என்றார். தனக்கென்று அவர் வேறு எதையும் கேட்டு நான் கண்டதில்லை.

கத்தரிக்காய்க் கிழமைகள்

கடைசிச் சுற்று தொடங்கியது. டேலின் தாடியும் வளர்ந்தது. எங்கள் வீட்டில் கத்தரிக்காய், பூசணி, பருப்பு, சொதி. அம்மாவின் ஆட்டிறைச்சிக் கறிக்கு உயிரை விடுகிற மனிதர் ஒரு சொல் சொல்லாமல் சாப்பிட்டார். கடைசிச் சுற்றுக்கென்று அம்மா விசேஷமாகச் சமைக்கிறார் என்று அவர் நினைத்திருக்கிறார். அது எங்களுக்குப் பிறகுதான் தெரியும். அணி வென்றுகொண்டே போனது. அவர் அந்தச் சொதியை நம்பத் தொடங்கிவிட்டார்.

இதற்கிடையில் செய்தி பரவிவிட்டது. டூட்டிங்கில் மளிகைக் கடை வைத்திருந்த அம்மாவின் தம்பி, எங்கள் பாலா மாமா, சாமான் வாங்க வந்தவர்களுக்கெல்லாம் சொல்லியிருக்கிறார். ஒரு சனிக்கிழமை பின்னேரம் பத்துப் பன்னிரண்டு பேர் வந்தார்கள். சப்பாத்துக்களை வாசலில் கழற்றிவிட்டு முன்னறையில் சுவரோரம் இருந்தார்கள். டேல் இறங்கி வந்ததும் ஆண்கள் ஒவ்வொருவராக எழுந்து அவருடைய கையை இரண்டு கையாலும் பிடித்தார்கள். பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். யாரும் பேசவில்லை. துக்க வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக்கூடாது. அதனால் எல்லாரும் சொல்லாமலே எழுந்து போனார்கள்.

டேல் வெறும் முன்னறையின் நடுவில் நின்றார். முகம் சிவந்திருந்தது. "எந்த ஊரிலும் எனக்காக யாரும் இப்படி வந்ததில்லை" என்றார்.

நான் அதைத் தமிழில் சொன்னேன். அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார்.

தாடிக்காரர்கள்

கடைசி ஆட்டம் ஏப்ரலில், எங்கள் அரங்கிலேயே. வென்றால் மேல் லீக்.

"துடக்குக்காரனைத் தனிய வேலைக்கு விடக்கூடாது" என்று அம்மா முடிவு செய்தார். பாலா மாமாவின் வெங்காயம் மணக்கும் கடை வானிலும் பஸ்ஸிலுமாகப் போனோம். அம்மா வெள்ளைச் சேலை, மேலே குளிர்க் கோட்டு. எங்கள் வரிசையில் யாரும் சிரிக்கவில்லை.

மனேஜர் வாசலில் நின்றார். ஹொக்கி ஆட்டத்துக்கு இப்படி முகத்தை வைத்துக்கொண்டு வரும் கூட்டத்தை அவர் கண்டிருக்க மாட்டார். யார் இவர்கள் என்று என்னிடம் கேட்டார்.

"டேலின் குடும்பத்தில் ஒரு சாவு. நாங்கள் அவரோடு இருக்க வந்திருக்கிறோம்" என்றேன், என் நல்ல பள்ளிக்கூட ஆங்கிலத்தில்.

மனேஜரின் முகம் மாறிவிட்டது. "ஒரு வார்த்தை சொல்லவில்லையே! அவன் அப்படிப்பட்டவன்தான்" என்றார்.

ஆட்டக்காரர்களை அறிமுகப்படுத்த விளக்குகள் மங்கின. எல்லாரும் தலைக்கவசத்தைக் கழற்றி வரிசையாக நின்றார்கள்.

அம்மா முன்னால் சாய்ந்தார். "பிள்ளை, அந்தப் பெடியனுக்கும் தாடி."

"அவனுக்குப் பக்கத்திலை நிக்கிறவனுக்கும்" என்றார் அப்பா.

"அக்கா, அங்காலைப் பக்கம் பார். அவங்களுக்கும்" என்றார் பாலா மாமா.

"ஐயோ, ரெண்டு டீமுக்கும் துடக்கோ?"

"பிளேன் ஏதும் விழுந்ததோ தெரியேல்லை" என்றார் மாமா.

எங்கள் பின்னால் இருந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவரிடம் கேட்டேன். கடைசிச் சுற்று தொடங்கினால் தோற்கும்வரை முகம் வழிக்கமாட்டார்கள், வழித்தால் வெற்றி போய்விடும், ஹொக்கிக்காரரின் வழக்கம் அது என்றார். நான் வரிசை முழுவதற்கும் மொழிபெயர்த்தேன்.

"அப்ப இவ்வளவு நாளும் நான் ஏன் கத்தரிக்காய் காய்ச்சினனான்?" என்றார் அம்மா.

மாமாதான் முதலில் சிரித்தார். பிறகு அப்பா. பிறகு அந்த வரிசை முழுதும், வெள்ளைச் சேலைகளும் கறுப்புக் கோட்டுகளுமாக, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தோம்.

சத்தம்

கடைசி நிமிடங்களில் நாங்கள் ஒரு கோலால் முன்னால் நின்றோம். அரங்கம் எழுந்துவிட்டது. எதிரணியில் ஒரு பெரிய ஆள் இருந்தான். அவனுடைய அடி கண்ணுக்குத் தெரியாது. வட்டு அவனிடம் போனது. தடியைப் பின்னால் தூக்கினான். எங்கள் கோல்காப்பாளரின் பார்வையை ஆட்கள் மறைத்தார்கள்.

டேல் விழுந்தார். வழக்கம்போலத்தான். ஆனால் சத்தம் வழக்கமானது இல்லை. காய்ந்த தடி முறிகிற சத்தம்.

ஒதுங்கியிருக்கலாம். ஒரு கணம் பிந்தியிருந்தால் யாரும் அவரைக் குற்றம் சொல்லியிருக்க மாட்டார்கள். காயப்பட்டால் தன் இடம் போகும் என்று அந்த அரங்கில் அவரை விட நன்றாகத் தெரிந்தவர் இல்லை.

எழுந்தார். வட்டு இன்னும் எங்கள் பக்கத்தில்தான் நின்றது. ஒரு காலில் சாய்ந்தபடி தடியை நீட்டி அதைச் சுவரோரமாக வெளியே தள்ளினார். ஊதுகுழல் ஒலித்தது. வென்றுவிட்டோம். எல்லாரும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். டேல் கோல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்று சிரித்தார்.

நடைபாதை

உடுப்பு மாற்றும் அறைக்கு வெளியே, பின்பக்க நடைபாதையில், ஒரு மர வாங்கில் தனியாக இருந்தார். ஒரு காலில் இன்னும் சறுக்குப் பூட்ஸ்.

"கழற்றினால் வீங்கிவிடும்" என்றார். "உடைந்துவிட்டது. எனக்கே சத்தம் கேட்டது."

நடைபாதையின் முடிவில், வெளிக் கதவடியில், மனேஜர் நின்றார். போகிற ஒவ்வொருவருடைய கையையும் குலுக்கி அனுப்பிக்கொண்டிருந்தார். வேறு வழி கிடையாது. அந்தத் தூரத்தை டேல் மனேஜரின் கண்முன்னால் நடந்தாக வேண்டும்.

நான் அம்மாவுக்குச் சொன்னேன். பிறகு டேலுக்கு மற்றக் கதையையும் சொன்னேன்: தாடி, மீன், சொதி, வீட்டுக்கு வந்தவர்கள், வாசலில் நான் மனேஜருக்குச் சொன்னது. டேல் வாங்கைப் பிடித்துக்கொண்டு சத்தம் வராமல் சிரித்தார். "என் அக்கா எப்போது வீட்டுக்கு வருவாய் என்று கேட்கத்தான் போன் எடுத்தாள்" என்றார்.

"நான் போய் மனேஜரிட்டை உண்மையைச் சொல்லட்டே?" என்று அம்மாவைக் கேட்டேன்.

அம்மா நடைபாதையின் முடிவைப் பார்த்தார். டேலின் காலைப் பார்த்தார்.

"நீ வாயை மூடிக்கொண்டு தடிகளைத் தூக்கு" என்றார். "இஞ்சாருங்கோ, நீங்கள் அந்தத் தோளைப் பிடியுங்கோ. பாலா, நீ இந்தப் பக்கம். செத்த வீட்டிலை மூத்த மகனைக் கூட்டிக்கொண்டு போறமாதிரி. மற்ற ஆக்கள் சுத்தி வாங்கோ. மெல்ல. ஒருத்தரும் பல்லைக் காட்டக்கூடாது."

டேல் உதட்டைக் கடித்துக்கொண்டு பூட்ஸைக் கழற்றினார், கயிறு கட்டாத குளிர்ச் சப்பாத்துக்குள் காலை விட்டார். "யாரோ செத்ததுபோல நடக்க வேண்டும்" என்று நான் விளக்கினேன்.

"இந்தக் காலை ஊன்றினால் நிஜமாகவே ஒருவர் சாவார்" என்றார்.

நடந்தோம். அப்பாவும் மாமாவும் அவரை ஏறக்குறையத் தூக்கிக்கொண்டு போனார்கள். முன்னும் பின்னும் எங்கள் ஆட்கள். அம்மா வெள்ளைச் சேலையில் முன்னே. பாலா மாமாவின் மனைவி, எங்கள் மாமி, சத்தியமாகச் சொல்கிறேன், மெல்ல விம்மத் தொடங்கிவிட்டார்.

மனேஜர் தொப்பியைக் கழற்றினார். கை குலுக்கவும் வரவில்லை. சுவரோடு ஒதுங்கி வழி விட்டார்.

"டேல், எனக்குத் தெரியாது. மன்னித்துக்கொள்" என்றார். "இப்படி ஒரு நிலைமையிலும் வந்து இன்றைக்கு அந்த அடியை வாங்கினாய். செப்டெம்பரில் உன் இடம் உனக்குத்தான். அதைப் பற்றி யோசிக்காதே. உன் ஆட்களோடு போ."

டேல் தலையை மட்டும் ஆட்டினார். கண் நிறைந்திருந்தது. கால் நோவென்று அப்பா நினைத்துப் பிடியை இன்னும் இறுக்கினார். எனக்கு அது நோவாகத் தெரியவில்லை.

வெளியில் இன்னும் வெளிச்சம் இருந்தது. வானின் பின்கதவைத் திறந்து வெங்காய மூட்டைகளுக்கு மேலே அவரை ஏற்றினோம். நேரே ஆஸ்பத்திரிக்குப் போனோம். பாதத்தில் ஒரு எலும்பு. எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டிய பெண்ணையும், அதில் ஒரு மயிரிழையாய்த் தெரிந்த முறிவையும் நான் வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தது நினைவிருக்கிறது.

செப்டெம்பர்

கோடை முழுக்க டேல் எங்கள் தோட்டத்தில் மாவுக்கட்டோடு இருந்தார். ஆட்டிறைச்சிக் கறி வஞ்சகமில்லாமல் போனது. கட்டு வெட்டிய பிறகு காலையும் மாலையும் நடந்தார், பிறகு ஓடினார். புதுப் பருவம் தொடங்கியபோது நொண்டல் இல்லை.

மேல் லீக்கின் முதல் ஆட்டத்துக்கு நாங்கள் எல்லாரும் போனோம். எதிரணி பெரிய அணி. எல்லாரும் இளையவர்கள், எல்லாரும் டேலை விட வேகம். தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே ஒருவன் தனியாக வந்து தடியை ஓங்கினான். டேல் ஒரு கணமும் யோசிக்கவில்லை. கோலுக்குக் குறுக்கே நீட்டி விழுந்தார். வட்டு அவரில் பட்டு மேலே பறந்தது.

அம்மா இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டிருந்தார்.

"எந்தக் கால், பிள்ளை?"

"மற்றக் கால், அம்மா."

"எழும்பிட்டானே?"

"எழும்பிட்டார்."